பழி ஓரிடம், பிழை ஓரிடம்

யாழ்ப்பாணத்திலே மின்சாரம் அற்றுப்போயிருந்த 1990 ஆம் ஆண்டையடுத்த காலத்தில் நாம் பாட்டுக் கேட்ட விதத்தை இக்காலத்துப் பிள்ளைகளுக்குச் சொன்னால், அவர்கள் அதனைக் கட்டுக்கதை என்றே கொள்வர். சைக்கிளை ஸ்ராண்டில் ஏற்றி நிறுத்துவோம். அதன் பின்சில்லோடு தைனமோவைச் சேர்த்து, அதிலிருந்து இரண்டு கம்பிகளை இழுத்து வானொலிப் பெட்டியிலோ ஒலிநாடாப் பெட்டியிலோ பொருத்துவோம். ஒருவர் மிதிக்க, ஏனையோர் சுற்றியிருந்து கேட்பர். பாடுபவரின் குரல் இழுபட்டுத் தாழ்ந்தால், மிதிப்பவரின் கால் களைத்துவிட்டது என்பதைக் குழந்தையும் அறியும். குறையும் கண்முன்னே; குறைக்குக் காரணமும் கண்முன்னே. ஆகவே வீண்பழி சுமத்துவதற்கு அங்கு இடமில்லை.

இன்று எமது இல்லத்திலே பாட்டுக் கேட்கும் முறை வேறு. முன்சாலையில், கையிலே அடங்கத்தக்க சிறு கணினியொன்று இருக்கின்றது. 2012 ஆம் ஆண்டில் முதன்முதல் விற்பனைக்கு வந்த றாஸ்பெரி பை என்னும் இனத்தைச் சேர்ந்தது அது. அதனோடு ஒரு வன்தட்டு இணைந்திருக்கின்றது. நாற்பது ஆண்டுகளாக எமது குடும்பத்தார் சேர்த்த ஒலிநாடாக்களும் இசைத்தட்டுக்களும் எண்வடிவிலே மாற்றப்பட்டு அதில் அடங்கியுள்ளன. லிரியன் என்னும் இலவச மென்பொருள் அவற்றையெல்லாம் பட்டியலிட்டு, கேட்ட பாட்டைக் கேட்ட அறைக்கு அனுப்புகின்றது. இவ்வேற்பாட்டையே வீட்டு இசைச் சேவையகம் என்பர். வீட்டின் பின்கோடியிலுள்ள எமது அன்னையாரின் அறையிலே, மற்றொரு சிறு கணினியும் ஓர் ஒலிபெருக்கியும் இருந்து அப்பாட்டைப் பெற்று ஒலிக்கின்றன. கம்பியில்லை, கால் வலிக்க மிதிப்பாருமில்லை. ஆனால் குறை ஒன்று தோன்றினாலோ, அது எங்கே உளதென்று காண்பதற்குக் கண்ணும் இல்லை. இதனை நாம் நன்றாக உணர்ந்துகொண்டது சென்ற மாதத்திலே.

எமது தந்தையார் கோயிலிலே புராணம் வாசிப்பவர். கச்சியப்ப சிவாசாரியாரின் கந்தபுராணத்தை ஒருவர் இராகத்தோடு வாசிக்க, மற்றொருவர் பயன் சொல்லும் புராண படன மரபு எமது நாட்டுக்கு உரியதென்பதை வாசகர்கள் அறிவர். 1988 ஆம் ஆண்டில் எமது ஊர்க் கோயிலில் அவர் வாசித்ததை உறவினர் ஒருவர் தொண்ணூறு நிமிட ஒலிநாடாவொன்றிலே பதிவு செய்து தந்தார். 1995 ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாத இறுதியில் வலிகாமத்து மக்கள் அனைவரும் ஓரிரவில் இடம்பெயர்ந்தபோது, எமது அன்னையார் துணிமூட்டையினுள்ளே பொதிந்து கொண்டு சென்ற பொருள்களுள் அதுவும் ஒன்று. தந்தையார் மறைந்த பின்னர் அவர் குரலாக எஞ்சியது அவ்வொரு நாடாவே. கண் பார்வை குன்றிய அன்னையார், காலை ஆறரை மணிக்கு நீராடித் திருநீறணிந்து கதிரையில் அமர்ந்து அதனைக் கேட்பது பல்லாண்டு வழக்கம்.

ஒரு நாட்காலை அவர் எம்மை அழைத்து, “தம்பி, ஐயாவின்ரை குரல் நடுவிலை அறுகுது” என்றார். நாம் பாடசாலைக்குப் புறப்படும் அவசரத்தில் இருந்தோம். பழைய நாடா, அப்படித்தான் இருக்கும் என்று விடையளித்தோம். அன்னையார் அதனை ஏற்றுக்கொள்ளவில்லை. “இது ஐயா மூச்சு விடுற இடமில்லை” என்றார்.

இந்த ஒரு வாக்கியத்தில் அடங்கியிருந்த அறிவை அப்பொழுது நாம் மதிக்கவில்லை. மறுநாளும் குரல் அறுந்தது. அதற்கு மறுநாளும் அறுந்தது. தந்தையாரின் ஆண்டுத் திதிக்கு இன்னும் பன்னிரண்டு நாட்களே இருந்தன. எமக்குச் சினம் மூண்டது. எமது வீட்டுக்கு இணைய இணைப்பு வழங்கும் நிறுவனத்தைத் தொலைபேசியில் அழைத்தோம். மறுமுனையில் பேசிய இளைஞர் பொறுமையாகச் சில சோதனைகள் செய்து, “உங்கடை இணைப்பிலை ஒரு பிழையும் இல்லை, ஐயா” என்றார். பிழை இல்லாமலா பாட்டு நிற்கின்றது என்று நாம் சுடுசொற் கூறி வைத்துவிட்டோம்.

அவ்விளைஞர் சொன்னது முற்றிலும் உண்மை. வீட்டுச் சேவையகத்திலுள்ள பாட்டு, வீட்டினுள்ளேயே ஓர் அறையிலிருந்து மற்றோர் அறைக்குச் செல்கின்றது. அது வாயிற்படியைத் தாண்டுவதே இல்லை. ரவுட்டர் என்னும் பெட்டிக்கு இரண்டு தொழில்கள் உள. வெளியிலிருந்து வரும் இணையத்தை வீட்டுக்குள் விடுவது ஒன்று. வீட்டிலுள்ள கருவிகள் தம்முள் பேசிக்கொள்ள வழியமைப்பது மற்றொன்று. இரண்டாவது தொழிலுக்கு வெளியிணைப்பு வேண்டுவதில்லை. இதனைச் சோதித்தறிவது மிக எளிது. வெளியிலிருந்து வரும் வடத்தை மட்டும் ரவுட்டரிலிருந்து கழற்றிவிட்டு, வீட்டுப் பாட்டை ஒலிக்கவிட வேண்டும். அவ்வாறு செய்தோம். பாட்டு ஒலித்தது, முன்போலவே நடுவில் அறுந்தது. ஆகவே வெளியாருக்கும் இக்குறைக்கும் யாதொரு சம்பந்தமுமில்லை என்பது வெளிப்படையாயிற்று. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்று முன்னோர் கூறியது எமக்கே பொருந்திற்று.

வெட்கத்தோடு, வகுப்பறையிலே மாணவருக்குக் கூறும் முறையை நாமே மேற்கொள்ளத் தலைப்பட்டோம். ஒரு வாய்க்காலின் கடைமடைக்கு நீர் வரவில்லையெனின், கமக்காரன் கிணற்றையும் வானத்தையும் ஒருங்கே திட்டிக்கொண்டிருப்பதில்லை. வாய்க்காலின் நடுவிலே போய் நின்று, இங்கே நீர் வருகின்றதா என்று பார்க்கின்றான். வந்தால் பிழை கீழே. வராவிட்டால் பிழை மேலே. எமது இசைவாய்க்காலுக்கும் ஐந்து நிலைகள் உள. முதலாவது, ஒலியடங்கிய கோப்பு, இரண்டாவது, அதனை அனுப்பும் சேவையகம், மூன்றாவது, அது செல்லும் வழி, நான்காவது, அதனைப் பெற்று ஒலியாக்கும் கருவி, ஐந்தாவது, ஒலிபெருக்கி.

முதலில் முன்சாலைச் சேவையகத்திலேயே ஒலிபெருக்கியைப் பொருத்தி, தந்தையாரின் கோப்பைத் தொடக்கம் முதல் இறுதி வரை கேட்டோம். எங்கும் அறவில்லை. நாம் குற்றஞ்சாட்டிய பழைய நாடா நிரபராதி, சேவையகமும் நிரபராதி. பின்னர் ஒரு சிறு விரற்கோலிலே அக்கோப்பைப் பிரதி செய்து, அன்னையாரின் அறையிலுள்ள கருவியில் நேரே சொருகி ஒலிக்கவிட்டோம். அதுவும் அறவில்லை. நான்காவது, ஐந்தாவது நிலைகளும் தப்பின. எஞ்சியது நடுவழி ஒன்றே.

வழியிலே நெருக்கடியோ என்று கணக்குப் பார்த்தோம். 1982 ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்த இசைத்தட்டின் தரத்திலேயே நாம் அந்நாடாவை மாற்றியிருந்தோம். அத்தரத்தில் ஒலியானது ஒரு செக்கனுக்கு 44,100 தடவை அளக்கப்படுகின்றது. ஒவ்வோர் அளவும் 16 பிட்டுக்கள். இடம் வலம் என இரண்டு தடங்கள். பெருக்கிப் பார்த்தால் செக்கனுக்கு 1,411,200 பிட்டுக்கள். பிளாக் என்னும் முறையிலே தரம் சற்றும் குன்றாமற் சுருக்கினால் அது ஏறக்குறைய அரைவாசியாகும். இன்றைய வீட்டு வைஃபை வழியோ, மெலிந்த நிலையிலும் செக்கனுக்குப் பல மில்லியன் பிட்டுக்களைச் சுமக்க வல்லது. ஆகவே வழியின் அகலம் போதும். அவ்வாறாயின் அவ்வழி இடையிடையே அடைபடுகின்றது என்றே கொள்ள வேண்டும்.

அடைப்பைக் காண்பதற்கு ஒரு பழைய கருவி உண்டு. 1983 ஆம் ஆண்டில் அமெரிக்காவைச் சேர்ந்த மைக் மூஸ் என்பவர் எழுதிய பிங் என்னும் சிறு நிரல் அது. நீர்மூழ்கிக் கப்பலைத் தேடுவோர் ஒலியை அனுப்பி எதிரொலிக்குக் காத்திருப்பது போல, ஒரு கணினி மற்றொன்றைக் கூப்பிட்டு விடைக்குக் காத்திருக்கின்றது. விடை வந்ததா, எத்தனை மில்லிசெக்கனில் வந்தது என்பதை அது காட்டும். மாலையில் நூறு தடவை கூப்பிட்டோம். நூறு விடைகளும் ஐந்தாறு மில்லிசெக்கனுள் வந்தன. எமக்கு ஒன்றும் விளங்கவில்லை. குறை காலையிற்றானே தோன்றுகின்றது என்று எண்ணி, மறுநாள் ஆறரை மணிக்கு மீண்டும் கூப்பிட்டோம். நூற்றில் முப்பத்தேழு கூவல்களுக்கு விடையே இல்லை.

காலையில் மட்டும் வழியை மறிக்கும் அப்பகைவன் யார்? அண்டை வீட்டாரின் வைஃபையோ என்று ஐயுற்றோம். நாம் பயன்படுத்திய 2.4 கிகாஹேர்ட்ஸ் மீடிறனில், ஒன்றோடொன்று மோதாத தடங்கள் 1, 6, 11 என்னும் மூன்றே. அயலார் இருவரும் எம்மைப் போலவே 6 ஆம் தடத்தில் இருந்தனர். நாம் 1 ஆம் தடத்துக்கு மாறினோம். குறை சிறிது தணிந்ததேயன்றித் தீரவில்லை.

உண்மையைக் கண்டவள் எமது மகள். ஒன்பதாம் வகுப்பிலே படிப்பவள். உடுப்பு மாற்றிக்கொண்டு குசினி வாயிலில் நின்றவள், “அப்பா, அம்மா பால் சூடாக்கேக்கைதான் அப்பப்பாவின்ரை குரல் நிக்குது” என்றாள். நாம் திரும்பிப் பார்த்தோம். முன்சாலைக்கும் அன்னையாரின் அறைக்கும் சரி நடுவே குசினி. குசினியில், சுவரோடு, நுண்ணலை அடுப்பு. மாதத் தொடக்கத்திலேதான் அதனைப் பழைய இடத்திலிருந்து பெயர்த்து அங்கே வைத்திருந்தோம். காலை ஆறரை மணிக்கு எமது மனைவியார் பாலையும் முதல்நாட் கறியையும் அதிலே சூடாக்குவது வழக்கம்.

விஞ்ஞானம் அறிந்தோர்க்கு இதில் வியப்பில்லை. வீட்டு நுண்ணலை அடுப்பு 2,450 மெகாஹேர்ட்ஸ் மீடிறனிலே வேலை செய்கின்றது. வைஃபை பயன்படுத்துவது 2,400 முதல் 2,483.5 மெகாஹேர்ட்ஸ் வரையுள்ள பகுதி. இரண்டும் ஒரே தெருவிற் குடியிருப்பவை. அடுப்பினுள்ளே பல நூறு உவாற்று வலு கொதிக்கின்றது. வைஃபையின் வலுவோ உவாற்றின் சிறு பகுதி. அடுப்பின் கதவிடுக்கால் கசிவது மனிதருக்குத் தீங்கு செய்யாத மிகச் சிறிதளவே. ஆயினும் வைஃபையின் மெல்லிய பேச்சை அது மூழ்கடித்துவிடுகின்றது. சந்தை இரைச்சலில் இரகசியம் பேசுவது போல என்க. பாட்டைப் பெறும் கருவி சில செக்கன்களுக்கு வேண்டிய ஒலியை முன்கூட்டியே சேர்த்து வைத்திருக்கும். இரைச்சல் அதற்கு மேலும் நீடித்தால், சேமிப்புத் தீர்ந்து குரல் அறுகின்றது.

பரிகாரம் மூன்று உள. அடுப்பை இடம் மாற்றுவது ஒன்று. அடுப்பின் இரைச்சல் எட்டாத 5 கிகாஹேர்ட்ஸ் மீடிறனுக்கு மாறுவது மற்றொன்று. அதனை முயன்றோம், ஆனால் அம்மீடிறன் தடித்த சுவர்களை ஊடுருவுவதிலே வலுக் குறைந்தது. எமது பழைய கல்வீட்டின் சுவர்கள் இரண்டைக் கடந்து அது சென்றடையும்போது மெலிந்துவிட்டது. மூன்றாவது பரிகாரம், கம்பியில்லா வழியைக் கைவிட்டுக் கம்பியிடுவது. சாதாரண வலையமைப்பு வடம் நூறு மீற்றர் வரை பழுதின்றிச் சுமக்கும். எமக்கு வேண்டியது இருபது மீற்றரே. கடையில் வாங்கிச் சுவரோரமாக ஆணியடித்துப் பொருத்தினோம். அசையாத கருவிக்குக் கம்பியே நல்லது. கையிற் கொண்டு திரியும் கருவிக்கே கம்பியில்லா வழி வேண்டும். இதனை வாசகர்கள் நினைவிற் கொள்வது நன்று.

அன்று காலை அடுப்பும் எரிந்தது, பாலும் சூடாயிற்று, தந்தையாரின் குரல் அறவில்லை. அன்னையார் தலையசைத்தார். நாம் எமது சாமர்த்தியத்தை எண்ணிப் பெருமையுற்றோம். அப்பெருமை நான்கு நாட்களே நிலைத்தது.

திதிக்கு முதல்நாள் மாலை மின்சாரம் தடைப்பட்டு, இரவு எட்டு மணியளவில் மீண்டது. மறுநாட்காலைப் படையலின்போது தந்தையாரின் வாசிப்பை ஒலிக்கச் செய்வதென்று அன்னையார் உறவினருக்கெல்லாம் சொல்லியிருந்தார். எதற்கும் ஒருமுறை பார்த்துவிடுவோமென்று கைத்தொலைபேசியை எடுத்தோம். சேவையகத்தின் பக்கம் திறக்கவில்லை.

இது வேறொரு நோய். வீட்டிலுள்ள ஒவ்வொரு கருவிக்கும் ரவுட்டர் ஒரு முகவரி கொடுக்கின்றது. 192.168 என்று தொடங்கும் இலக்கங்கள் அவை. அம்முகவரி சொந்தமன்று, வாடகை. மின்சாரம் போய் வந்ததும், பல ரவுட்டர்கள் தாம் யாருக்கு எதைக் கொடுத்தோம் என்பதை மறந்து, முதலில் வந்து கேட்பவருக்கு முதலிலுள்ளதை வழங்கிவிடுகின்றன. எமது சேவையகம் 12 இல் முடியும் முகவரியில் இருந்தது. இப்பொழுது 17 இற்குக் குடிபெயர்ந்திருந்தது. நாம் பழைய வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டிருந்தோம். ரவுட்டரிலுள்ள பட்டியலைப் பார்த்துப் புதிய முகவரியை அறிந்து, அதனை அச்சேவையகத்துக்கே நிலையாக ஒதுக்கிவிட்டோம். இவ்வாறு ஒதுக்கும் வசதி அநேகமாக எல்லா ரவுட்டர்களிலும் உண்டு. சேவையகம் வைத்திருப்போர் முதல் நாளிலேயே செய்துகொள்ள வேண்டிய காரியம் இது.

பக்கம் திறந்தது. பட்டியலும் இருந்தது. ஆனால் எதனைத் தொட்டாலும் ஒலிக்கவில்லை. இங்கே நாம் ஒரு பெரும் பிழை செய்தோம். ஆராயாது, நூலகம் முழுவதையும் மீள எண்ணுமாறு கட்டளையிட்டோம். சில நிமிடங்களில் விடை வந்தது: பூச்சியம். ஆயிரத்து நானூறு பதிவுகள் இருந்த இடத்தில் ஒன்றும் இல்லை.

கைகள் நடுங்க, வன்தட்டைக் கழற்றிப் பாடசாலை வேலைக்குப் பயன்படுத்தும் மடிக்கணினியிற் பொருத்தினோம். உடனே திரையில் ஓர் அறிவித்தல் எழுந்தது. இத்தட்டைப் பயன்படுத்துமுன் வடிவமைத்தல் வேண்டும். இப்பொழுதே வடிவமைக்கலாமா என்று அது வினவியது. மணி பத்தைக் கடந்திருந்தது. எப்படியேனும் இதனைத் திறந்தாக வேண்டும் என்ற ஒரே எண்ணம். சம்மதம் என்னும் பொத்தானை நோக்கி விரல் சென்றது.

“அப்பா, பொறுங்கோ” என்றாள் அருகில் நின்ற மகள். “தனக்கு வாசிக்கத் தெரியேல்லை எண்டுதானே அது சொல்லுது. உள்ளுக்கை ஒண்டும் இல்லை எண்டு சொல்லேல்லையே.”

நாம் விரலை எடுத்துக்கொண்டோம். வடிவமைத்தல் என்பது, சிலேற்றிலுள்ளதைத் துடைத்துவிட்டுப் புதுக்கோடு போடுவது போன்றது. எமது சேவையகம் லினக்ஸ் என்னும் இயக்கமுறையைச் சேர்ந்தது. அது தன் தட்டை எழுதும் முறை மடிக்கணினிக்குத் தெரியாது. தெரியாத எழுத்திலே எழுதிய ஏட்டை வெற்றேடு என்று கருதி, அதிலே புதிதாக எழுதலாமா என்று அது கேட்டது. மற்றொருவர் எழுதியதை வாசிக்கத் தெரியாதபோது, அதில் ஒன்றுமில்லை என்று முடிவுகட்டுவது கணினிக்கு மட்டும் உரிய குற்றமன்று.

அப்பொழுதுதான் வேறோர் உண்மை எம்மைச் சுட்டது. அத்தட்டைத் தவிர, தந்தையாரின் குரலுக்கு வேறு பிரதி எம்மிடம் இல்லை. மூல நாடாவிலே பூஞ்சணம் பிடித்து அது ஓடாத நிலையை அடைந்து சில ஆண்டுகள் ஆகின்றன. 1988 முதல் இடப்பெயர்வையும் கடந்து வந்த குரல், எமது அவசர விரலொன்றினால் அரைநிமிடத்தில் அழிந்திருக்கும். 1981 ஆம் ஆண்டில் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிக்கப்பட்டபோது, வேறெங்கும் பிரதியில்லாத ஏடுகள் போயின என்று ஆண்டுதோறும் மாணவருக்குச் சொல்லி வருபவர் நாம். எமது வீட்டு ஏட்டுக்கு ஒரு பிரதி எடுத்து வைக்க எமக்குத் தோன்றவில்லை.

அமைதியடைந்து, மீண்டும் நிலைநிலையாக ஆராய்ந்தோம். தட்டு கெட்டிருந்தால் பூச்சியம் வரலாம். தட்டு விழித்தெழுமுன் கணினி எண்ணத் தொடங்கியிருந்தாலும் பூச்சியம் வரலாம். இரண்டாவதே நடந்தது. அக்கணினிக்கு 5.1 வோல்ற்று, 3 அம்பியர் வழங்கும் மின்வழங்கி வேண்டும். எமது மின்வழங்கி முன்னொருகால் பழுதுபட, கையில் அகப்பட்ட கைத்தொலைபேசியின் பழைய மின்னேற்றியை நாம் பொருத்தியிருந்தோம். சாதாரண நாளில் அது ஒருவாறு சமாளித்தது. கணினியும் தட்டும் ஒருங்கே விழித்தெழ வேண்டிய வேளையில், தட்டைச் சுழற்றப் போதிய வலு அதற்கு இல்லை. தட்டு எழவில்லை; கணினி வெறும் கோப்புறையைப் பார்த்துப் பூச்சியம் என்றது. அது அழித்தது பட்டியலையே அன்றிப் பாட்டுக்களை அன்று. பட்டியல் போனால் மீள எழுதலாம்.

மகளின் மேசைக் கணினிக்குரிய ஒரு நல்ல மின்வழங்கி, அளவு ஒத்திருந்தமையால், உதவிற்று. தட்டை முறைப்படி பொருத்தி, அது சுழலும் ஒலியைக் காதினாற் கேட்ட பின்னரே கோப்புறையைத் திறந்தோம். எல்லாம் இருந்தன. வேறெதையும் தொடுமுன், தந்தையாரின் கோப்பை மடிக்கணினியிலும் விரற்கோலிலும் பிரதி செய்தோம். அதன் பின்னரே மீள எண்ணுமாறு கட்டளையிட்டோம். நள்ளிரவு கடந்து பட்டியல் நிறைந்தது.

வீட்டிலே இத்தகைய ஏற்பாடு வைத்திருப்போருக்கு எமது அனுபவத்தாற் சில சொல்லலாம். சேவையகம் கண்ணுக்குத் தெரியவில்லையெனின், முதலில் உங்கள் கைத்தொலைபேசி வீட்டு வைஃபையிற்றான் உள்ளதா, அன்றி விருந்தினருக்கென ஒதுக்கிய வலையமைப்பிற் போய் நிற்கின்றதா என்று பாருங்கள். விருந்தினர் வழியிலுள்ளோருக்கு வீட்டுக் கருவிகள் தென்படாதிருப்பதே அவ்வழியின் நோக்கம். வைஃபையை நீட்டுவதற்கு வேறொரு பெட்டி பூட்டியிருந்தால், இரு பெட்டிகளும் தனித்தனி வலையமைப்பை உண்டாக்கியுள்ளனவா என்று நோக்குங்கள். முகவரிகளின் முதல் மூன்று எண்களுள் ஏதேனும் ஒன்று வேறுபட்டால் அதுவே காரணமாயிருக்கலாம். லிரியன் பயன்படுத்துவோராயின், கணினியின் பாதுகாப்பு மென்பொருள் 9000, 3483 என்னும் வாயில்களை அடைத்திருக்கின்றதா என்று பாருங்கள். சில பாட்டுக்கள் மட்டும் தடுமாறினால், அவற்றின் தரத்தை நோக்குங்கள். 24 பிட்டு, 192 கிலோஹேர்ட்ஸ் தரத்திலுள்ள பதிவு, செக்கனுக்கு 9,216,000 பிட்டுக்கள் கொண்டது. பழைய கருவிகள் அதனைத் தாங்கா. தமிழ்ப் பெயர்கள் பொருளற்ற ஆங்கில எழுத்துக்களாகத் தோன்றினால், அவை பாமினி எழுத்துருவிலே தட்டெழுதப்பட்டவையாயிருக்கலாம். ஒருங்குறியில் மாற்றி எழுதினாற் சரியாகும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு தடவையில் ஒன்றையே மாற்றுங்கள். ஐந்தை ஒருங்கே மாற்றிவிட்டாற் குறை தீர்ந்தாலும் காரணம் தெரியாது. தீராவிட்டால் குழப்பமே மிஞ்சும்.

திதியன்று காலை, படையலின் முன்னே, தந்தையாரின் வாசிப்பு ஒலித்தது. ஓரிடத்தில் அவர் வாசிப்பை நிறுத்தி இருமி, பின்னர் தொடர்வது பதிவிலே உண்டு. நாம் திடுக்கிட்டு எழப் போனோம். கதிரையிலிருந்த அன்னையார் கையமர்த்தி, “இரு தம்பி, இது ஐயா இருமுற இடம்” என்றார்.

அக்கோப்பின் பிரதிகள் இப்பொழுது நான்கு. ஒன்று, கனடாவிலுள்ள எமது தமையனாரின் வீட்டில் இருக்கின்றது. ஒரே கூரையின் கீழ் எத்தனை பிரதி இருந்தாலும் அவை ஒன்றுக்குச் சமம் என்பதை எமது மக்களுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை.

கடன் ஒன்று மட்டும் தீராதிருக்கின்றது. தொலைபேசியிலே எமது சுடுசொல்லைப் பொறுமையோடு கேட்ட அவ்விளைஞரின் பெயரை நாம் வினவி வைக்கவில்லை. அவர் வீட்டிலும் ஞாயிறுதோறும் இப்பத்திரிகை வருமாயின், எமது வருத்தத்தை இவ்வரிகளால் ஏற்றுக்கொள்வாராக.